சாக்பீஸில் எழுதின தேதி

யாமினி,

நீ போன் எடுக்க மாட்டேன்ற. அதான் எழுதறேன். புத்தூர்ல உங்க நைனா ஒரு வாயாவது துன்றாரா?

எங்க கம்பெனியில ஃப்ளை ஆஷ் கல்லை நிறுத்திட்டாங்க. திரும்பவும் சூளைக் கல்லுதான். சாம்பல்ல செஞ்ச கல்லு சுவரைத் தாங்காதுன்னு ரேணிகுண்டா முழுக்கப் பேசிக்கினு இருக்காங்க. நீயும் அன்னிக்கு அதைச் சொல்லித்தான் அழுத. நான் வாயைத் திறக்கல.

அந்தக் கல்லு மேல தப்பே இல்ல. இருபத்தியொரு நாள் தண்ணி ஊத்தினா சூளைக் கல்லுக்குக் கொஞ்சமும் குறையாது. அதுக்குத்தான் ஒவ்வொரு அடுக்கு மேலயும் செஞ்ச தேதியை சாக்பீஸ்ல எழுதி வெப்போம். அதைப் பார்த்துத்தான் மேஸ்திரி கல்லை எடுப்பாரு.

பசுமைக் கட்டடம்னு சர்ட்டிபிகேட் கொடுக்க வெள்ளிக்கிழமை ஆபீசருங்க வர்றதா இருந்தது. அதுக்குள்ள சுவரை எழுப்பச் சொன்னாங்க. கையில இருந்தது ஆறு நாள் கல்லுதான்.

உன் தம்பி யஸ்வந்துக்கு சந்தேகம் வந்தது. "மாமா, கல்லு இன்னும் ஈரமா கீதே"ன்னான்.

"தேதியைப் பாருடா"ன்னேன். பார்த்தான். சரின்னு சாரம் ஏறிட்டான். மறுநாள் அந்தச் சுவர் அவன் மேல சாஞ்சது.

நீ மாலை போட்டு வெச்சிருக்கிற போட்டோ சைட்ல எடுத்தது. அவன் தோளுக்குப் பின்னாடி கல் அடுக்கு தெரியும். கிட்டப் போய்ப் பாரு. ஒரு தேதியை அழிச்சிட்டு மேல இன்னொரு தேதி எழுதியிருக்கும். அது யார் கையெழுத்துன்னு உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் தம்பி மாமான்னு கூப்பிட்டவன்