ஓ.டி.பி. போன வீடு

மே 20, 2024. மண்டபம்

கம்பெனி மூடி இரண்டு மாதம் முடிந்துவிட்டது. இனி பி.எஃப். பணத்தை எடுக்கலாம். பதினாலு வருஷம் இறாலுக்கு ஐஸ் அள்ளிப் போட்டதில் மிஞ்சியது ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.

சிநேகிதன் சதக் தன் லோடு வண்டியில் பாதிப் பங்கு தருகிறேன் என்கிறான். “மீன்பிடி தடைக்காலம் ஜூன் பதினாலாந்தேதியோட முடியுது மாப்ள. பதினஞ்சுலேருந்து மீனு வரும். துட்டு அதுக்கு முன்னாடி வரணும்.”

ஜூன் 20 கோர்ட்டில் வாய்தா. மகள் செல்விக்கு மாதம் நாலாயிரம் கட்டச் சொன்ன உத்தரவில் இருபத்தாறு மாத பாக்கி. கட்டாவிட்டால் வாரண்டு. வக்கீல் ரகசியமாகச் சொன்னார்: “பணம் வந்த அன்னைக்கே வண்டியில போட்டுருங்க. வண்டி அந்தக் கூட்டாளி பேருலயே இருக்கட்டும். உங்க கையில ஒண்ணுமில்லன்னு நான் சொல்லிக்கிறேன்.” நல்ல மனுஷன். அவருக்கு மட்டும் பாக்கி வைக்க முடியாது.

மே 21

ஏன் கட்டவில்லை? இல்லாமல் இல்லை. வீம்பு.

நாகலெட்சுமி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கமுதிக்கு, அவள் அண்ணன் சேதுராமன் வீட்டுக்குப் போய் ஐந்து வருஷம். அதற்காக நான் நிறுத்தவில்லை. செல்விக்குச் சடங்கு வைத்தார்களே, அந்தப் பத்திரிகை! வாட்சப்பில் வந்தது. தாய்மாமன் சேதுராமன் பேர் கொட்டை எழுத்தில். அப்பன் பேர் இல்லை. இனிஷியல் மட்டும் இருந்தது. அதைப் பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள் என்று விட்டிருப்பார்கள். அனுப்பிய புண்ணியவான் கீழே ‘வாழ்த்துகள்’ என்று வேறு போட்டிருந்தான்.

பேர் வேண்டாம், துட்டு மட்டும் வேணுமாக்கும்? போங்கடா.

மே 27

பிரவுசிங் சென்டர் குல்சும் எல்லாவற்றையும் தட்டிவிட்டு, “ஓ.டி.பி. சொல்லுங்கண்ணே” என்றது. என் போனில் ஒன்றும் வரவில்லை.

“நாப்பத்தேழுல முடியுதே, யாரு நம்பரு?”

நாகலெட்சுமி எடுத்துப் போன போன். அப்போது வீட்டுக்கே அது ஒன்றுதான். ஆதாருக்கும் பி.எஃப்.புக்கும் அதைத்தான் கொடுத்திருந்தேன். பொண்டாட்டிக்குத் தெரியாமல் பெட்டியைத் திறக்கப் போனேன், சாவி அவள் முந்தானையில். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. குல்சும் சிரிக்கவில்லை. முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டது.

மே 29

ஆதாரில் நம்பரை மாற்றப் போனேன். பத்து விரலையும் அழுத்தினேன். ரேகை விழவில்லை. ஐஸும் உப்புத்தண்ணியும் தின்றுவிட்டன. கண்ணைப் பார்க்கிற மிஷின் ரிப்பேராம். “ரெண்டு மாசம் கழிச்சு வாங்கண்ணே, வளந்துரும்” என்றான் அந்தப் பையன்.

ஏலே, ரேகை என்ன கத்திரிச் செடியா! கத்திவிட்டு வந்தேன்.

ஜூன் 3

வேறு ஆள் கேட்கிறான் என்று சதக் பயமுறுத்துகிறான்.

ஜூன் 6

வேறு வழியில்லை. அவளிடமே கேட்க வேண்டும். ‘கேஸ் மானியத்துக்கு ஒரு நம்பர் வந்திருக்கும்.’ நாலு தரம் ஒத்திகை பார்த்தேன். கண்ணாடியே நம்பவில்லை.

ஜூன் 7

குல்சும் பட்டனைத் தட்டியதும் போன் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

“அய்யா?”

செல்வி. ரெண்டு வருஷம் கழித்து. குரல் பெரிய பிள்ளைக் குரலாக இருந்தது.

“ஒரு நம்பர் வந்திருக்கும்... கேஸ் மானியம்...”

“பி.எஃப்.னு போட்டிருக்கு அய்யா.” ஆறு எண்ணையும் வாசித்தாள். பிறகு இன்னொரு தரம், மெதுவாக. “வேலைய விட்டுட்டீகளா?”

“ஒனக்கு எப்படி...”

“மாசாமாசம் பி.எஃப். ஏறுனா இந்தப் போனுக்குத்தான் மெசேஜ் வரும். ஏறிருச்சுன்னா நீங்க நல்லா இருக்கீகன்னு நெனச்சுக்கிருவேன். சித்திரையிலேருந்து வரல. ஒடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டேன்.”

“அம்மாட்டச் சொன்னியா?”

“இல்ல. சொன்னா பி.எஃப்.ல பணம் இருக்குன்னு எங்க வக்கீலுக்குத் தெரிஞ்சிரும். ஒங்களப் புடிப்பாக.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்லத்தா?”

“நீங்களுந்தான் பண்ணல.”

வைத்துவிட்டாள்.

ஜூன் 8

ஆத்திரம் அடங்கவில்லை. சேதுராமன் மேல்தான் என்று வைத்துக்கொண்டேன். அதுதான் வசதி.

எவ்வளவு இருக்கிறது என்று ரூபாய் சுத்தமாகத் தெரியும் செல்விக்கு. நாலாயிரம் வராத மாதமும் தெரியும். ஒரு பேனாகூடக் கேட்கவில்லையே. இதுக்குத் திட்டியிருக்கலாம்ல என்னைய?

ஜூன் 13

பணம் ஏறிவிட்டது. அந்த மெசேஜும் அவளுக்குப் போயிருக்கும்.

ஜூன் 14

சதக்கிடம் பங்கு வேண்டாம் என்றேன்.

“என்னலே, கோர்ட்டுக்கு மொய் எழுதப் போறியா?”

“சடங்குக்கு எழுதல.”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 20. ராமநாதபுரம்

ஒரு லட்சத்து நாலாயிரம் கட்டினேன். என் வக்கீல் முகம் கருவாடாகிவிட்டது. நாகலெட்சுமி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கள்ளநோட்டு மாதிரி. வராண்டாவில் சேதுராமன், ஊருக்கே கேட்கிற மாதிரி: “இம்புட்டு நாளா இல்லாத துட்டு எங்கேருந்து வந்துச்சாம்?”

“பத்திரிகையில போட மறந்த ஆளு குடுத்துவிட்டாரு மச்சான்” என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டான். அந்த ஒரு நிமிஷத்துக்கே ஒரு லட்சம் தகும்.

ஜூலை 30

உச்சிப்புளி பக்கம் இன்னொரு இறால் கம்பெனி. மறுபடி ஐஸ். வருகைப் பதிவு மிஷினில் விரலை வைத்தேன். ஒரே தடவையில் விழுந்தது. கத்திரிச் செடிதான் போல.

பி.எஃப். பாரம் நிரப்பியவர், “பழைய நம்பர் நாப்பத்தேழுல முடியுது. மாத்திரலாமா?” என்றார்.

வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 21

காலையில் செல்வி கூப்பிட்டாள். “அய்யா, ஏறிருச்சு.”