ஒட்டுப்போட்ட புரொப்பெல்லர்

ஏப்ரல் 12, ஞாயிறு. ஊட்டி.

கம்பியில் கட்டிப் பறக்கவிடும் எங்கள் மாதிரி விமானத்தின் மரப் புரொப்பெல்லர் சென்ற வாரம் முறிந்தது. அதையே பசையால் ஒட்டி இன்று கொண்டுவந்தார் எஸ்டேட் ஃபிட்டர் தேவராஜ். எஞ்சினை முடுக்கும்போது விமானத்தைப் பிடித்துக்கொள்பவர் அவருடைய மனைவி. பிளேடு தெறித்தால் கண் போய்விடும்.

“பசைக்கு நான் ஜாமீனுங்க, வக்கீலய்யா” என்று சிரித்தார். சினம் தாங்காமல் பிடுங்கி, முழங்காலில் வைத்து முறித்தேன்.

ஒட்டு பிரியவில்லை. காற்றடர்த்தி குறைந்த இம்மலையில் சுழற்சி கூடட்டும் என்று நானே இரு பிளேடுகளையும் இழைத்து மெலிதாக்கியிருந்தேன்; அவற்றில் ஒட்டுப்போடாத மறு பிளேடுதான் முறிந்தது.

“ஏனுங்க, இப்ப குற்றவாளி யாருங்க?” என்றார்.

ஒட்டியதைப் பறக்கவிடலாகாது என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. ஆனால் அதேபோல் நான் இழைத்த இன்னொரு புரொப்பெல்லரை மாட்டி இன்று காலையில் மூன்று முறை பறக்கவிட்டோம். மூன்று முறையும் அந்த அம்மாள்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.