சத்தம் போடாத டப்பா

மயாமிகோ அப்பா,

சோளக்களி சட்டியில மூடி வச்சிருக்கேன். உசிபா கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க. சாவி கோழிக்கூண்டு மேல இருக்கு. எனக்கும் எச்.ஐ.வி இருக்கான்னு ரத்த டெஸ்ட் பண்ண க்ளினிக் போறேன்.

நேத்து, "எச்.ஐ.வி மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா?"ன்னு கேட்டதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. காலையில உங்க டப்பாவை ஆட்டிப் பாத்தேன், சத்தமே இல்ல. போன வாரம்தானே வாங்கினது, அதுக்குள்ள தூக்கிக் கொட்டிட்டீங்களான்னு நினைச்சேன். திறந்தா உள்ள பஞ்சு! எண்ணிப் பாத்தேன், மாத்திரை சரியாத்தான் குறைஞ்சிருக்கு. கிலுகிலுன்னா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்னு அடைச்சீங்களா? யாரு சொல்லிக் கொடுத்தது? அது என் தலையணைப் பஞ்சுதானே?

அந்த மாத்திரை கசக்குமா? போட்டா கனவு வருமாமே, உங்களுக்கு என்ன கனவு வருது?

சாயங்காலம் உங்க அக்கா எஸ்னாட் வர்றாங்க. அவங்ககிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். அதுவரைக்கும் பஞ்சு இருக்கட்டும்.

– மயாமிகோ அம்மா

மறந்துட்டேன்: அக்கா கிளம்பினதும் பஞ்சை எடுத்துடுங்க. தினமும் அந்தக் கிலுகிலு சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.