பழுக்காத வெளிச்சம்

ஆகஸ்ட் 3, 2025 – ஞாயிறு

லித்தியம் பேட்டரி இன்று எங்கள் மீன்பிடி போட்டில் ஏறியது. நான் வேலை பார்க்கும் சோலார் பட்டறையிலிருந்து வாங்கி வந்தது. ஆரோவில் பக்கத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்துவிட்டேன், அவ்வளவுதான் எடை.

பழைய ஆசிட் பேட்டரியை வீட்டுக்கும் கரைக்குமாகச் சுமந்துதான் இவருக்கு இடுப்பு போனது. காலையில் செருப்பு மாட்டச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். கேட்டால் ஒண்ணுமில்ல என்பார்.

பிரபு ஒற்றைக் கையில் தூக்கி ஆட்டிப் பார்த்தான். "இன்னா அண்ணி, உள்ள ஒண்ணும் வைக்காம குடுத்துட்டானுங்களா? டிபன் பாக்ஸ் மாரி இருக்குது!" இவருடைய தம்பி. போட்டு இரண்டு பேருக்கும் பொது, வலையும் பொது.

அவன் மனைவி மலர்கொடி பக்கத்தில் வரவில்லை. "டிவில ஸ்கூட்டர் பேட்டரி பத்திக்கிச்சே, அதாக்கா இது?" என்றாள். இது வேறு வகை, அப்படிச் சட்டென்று பற்றாது என்று விளக்கினேன். ஆசிட் இல்லை, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, "கடைசி வரைக்கும் மங்கவே மங்காது" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பி.எஸ்சி. இயற்பியல் இந்தக் கரையில் ஒருநாளாவது செல்லுபடியானதில் சந்தோஷம்.

இவர் சூடம் ஏற்றி நேராகப் பேட்டரி தலையிலேயே வைக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். பிறகு போட்டின் முன்முனையில், அணியத்தில் வைத்துக் கும்பிட்டார்.

ஆகஸ்ட் 6

இடுப்பைப் பற்றி இன்று பேச்சில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12

பேட்டரி வீட்டில் சார்ஜ் ஏறும்போது சத்தமே இல்லை. பழையது கொதிக்கிற மாதிரி முணுமுணுக்கும், ஆசிட் வாடை வரும். இது ஒரு மூலையில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் வேலை செய்யும் மனிதர்களை எனக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். பிடிக்குமா? அப்படி ஒருவரோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியாயிற்று, இன்னும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 22 – வெள்ளி

வேறு வேலை ஓடவில்லை, எழுத உட்கார்ந்தேன்.

விடிந்ததும் கரை சேர வேண்டியவர்கள் வெயில் ஏறிய பிறகுதான் வந்தார்கள். போன் எடுக்கவில்லை. நானும் மலர்கொடியும் தண்ணீர் விளிம்பில் நின்றோம், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. போட்டு வந்தது. வலையில் பாதியைக் காணோம்.

பிரபு இறங்கி மணலில் நின்று சொன்னான். எனக்கு இல்லை, ஊருக்கு. வலை தண்ணீரில் கிடந்திருக்கிறது. நிலா இல்லை. கம்பத்து லைட்டும் ஜிபிஎஸ்ஸும் ஒரே நொடியில் அணைந்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய விசைப்படகு நேராக இவர்களைப் பார்த்து வந்திருக்கிறது. இருட்டில் கிடக்கிற பைபர் போட்டு அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு கத்தியிருக்கிறார்கள். கடைசியில் விசைப்படகுக்காரன் திருப்பினான். வலையை அறுத்துக்கொண்டு போனான். அந்தப் போன்களும் நனைந்து செத்துவிட்டன.

"மங்காது மங்காதுன்னீங்களே அண்ணி," என்று என் பக்கம் திரும்பினான். "மங்கவே இல்ல. செத்துடுச்சு."

இவர் வீட்டுக்கு வந்தார். கஞ்சி குடித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு படுத்தார்.

மலர்கொடி குழாயடியில் யாரிடமோ சொன்னாள், எனக்குக் கேட்கும்படி: "கிளியனூர்ல வரப்பு மேல நடந்தவளுக்கு கடலப் பத்தி இன்னா தெரியும்?"

கிளியனூர் வயலில் பிறந்த எனக்கு என்ன தெரியும்? நான் கொடுத்த சாமான்தானே. ரெண்டு பேரும் போயிருந்தா?

ஆகஸ்ட் 23

"நேரத்தோட ஏன் கிளம்பல?" என்று இவரைக் கேட்டேன்.

"லைட்டு பழுக்கவே இல்லியே."

புரியவில்லை. ஏதோ குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஆசிட் பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க கம்பத்து ஹெட்லைட் பல்பு வெள்ளையிலிருந்து மஞ்சளாகும், மாம்பழ நிறத்துக்கு வரும். அதுதான் பழுக்கிறது. பழுத்ததும் வலையை மேலே இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டியது. இவரும் தம்பியும் போட்டு வாங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். எல்.இ.டி. மாட்டச் சொல்லி நான் நச்சரித்ததற்கெல்லாம் இவர் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தது இதனால்தானா?

லித்தியத்தில் மின்னழுத்தம் கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். பிறகு உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். இதைத்தான் நல்ல குணம் என்று விற்றேன். அன்றைக்கு லைட் பழுக்காததால் இவர்கள் இன்னொரு முறை வலை விட்டிருக்கிறார்கள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த ஒரு வார்த்தை இத்தனை காலமும் என் காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 26

பழைய பேட்டரி திரும்பப் போட்டில் ஏறியது. இவரே சுமந்தார். நான் தடுக்கவில்லை, எந்த முகத்தோடு தடுப்பது.

பிரபு வரவில்லை. இதே கரையில் தொழில் செய்யும் மாயவனின் போட்டில் ஏறிவிட்டானாம். இவர் கூலிக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 29

பிரபுவிடமிருந்து ஆள் வந்தது. போட்டைப் பிரித்துக்கொள்ளலாமாம்.

போட்டை எப்படிப் பிரிப்பது? ஒருவன் எடுத்துக்கொண்டு மற்றவன் இறங்க வேண்டியதுதான். அண்ணன் தம்பி இனி வேறு வேறு கரையில் நிற்பார்கள். இவர் வந்த ஆளிடம் "சரி, பாக்கலாம்" என்றார். ஆள் போன பிறகு வலையைத் தைக்க உட்கார்ந்தார், ஊசியில் நூல் கோக்காமலே.

செப்டம்பர் 1 – திங்கள்

பட்டறையில் பரத்திடம் கேட்டேன். எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று எண்ணில் காட்டும் மீட்டர் இருக்கிறதாம். "முதல்லயே கேட்டிருந்தா குடுத்திருப்பேனே மேடம்" என்று எடுத்துக் கொடுத்தான். பஸ் முழுக்க நிம்மதியாக வந்தேன். பிரச்சினை தீர்ந்தது.

இவர் மீட்டரைப் புரட்டிப் பார்த்தார்.

"நம்பர யார் பாக்கறது?"

"நீங்க. இல்ல பிரபு."

"அவன் பாத்து போலாம்னா நான் கேக்கமாட்டேன். நான் சொன்னா அவன் மூஞ்சியத் தூக்கிக்குவான். லைட்டு சொன்னா ரெண்டு பேரும் கேப்போம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசிட் பேட்டரி திரும்பி வந்தும் பிரபு திரும்பி வரவில்லையே, அப்போதே யோசித்திருக்க வேண்டும். பேட்டரிமேல் கோபம் என்றால் பேட்டரி மாறியதும் தீர்ந்திருக்கும்.

செப்டம்பர் 4

பஸ் ஸ்டாப்பில் மலர்கொடி. கூனிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்து இறங்கினாள், காலிக் கூடையோடு. விலகிப் போகப் பார்த்தாள்.

"மலரு, என்மேல கோவம்னா என்னத் திட்டு. போட்ட ஏன் பிரிக்கணும்?"

"உன்மேல இன்னா கோவம், போக்கா." கூடையைக் கீழே வைத்தாள். நான் மேலே கேட்கும் முன் தானே பேசினாள். அன்றைக்கு நடு ராத்திரிக்கே பிரபுவுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று இருந்ததாம். காற்று திரும்பியது பிடிக்கவில்லையாம். லைட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அது பழுக்கவில்லை. அண்ணன் இரண்டாவது முறை வலை விடப் போனபோதும் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லியிருக்கலாமே."

"நல்லா கேட்ட போ. தம்பிகாரன் போலாம்னா, டேய் பயந்தாங்கொள்ளின்னு காலம் பூரா சொல்லிக் காட்டமாட்டாரு உன் வூட்டுக்காரரு?" பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு சொல்லிடாத. தூக்கத்துல பெரிய போட்டு பெரிய போட்டுன்னு எழுந்து உக்காந்துக்குது" என்றாள்.

அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். காப்பாற்றினால் போட்டு போகிறது.

செப்டம்பர் 7

மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டு திரிகிறேன். உப்பளத்து ரோட்டில் நடந்துவிட்டு வந்தேன். வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், மழைக்கு முன்னால் மூடிவிட ஓலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து மலர்கொடியைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றியே கேட்டேன்.

"அன்னைக்கு உங்களுக்கு பயமா இருந்துச்சா?"

"எப்போ? பெரிய போட்டு வந்தப்பவா?"

"அதுக்கு முன்ன."

வலையிலிருந்து கையை எடுத்தார். "இருந்துச்சு. காத்து சரியில்ல. ரெண்டாவது வல விட்டிருக்கவே கூடாது."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"அவன் சும்மா உக்காந்திருந்தான். சின்னவன் அவனே உக்காந்திருக்கான், நான் எப்படிப் போலாம்னு சொல்றது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் வீட்டுக்கு வர ஆசைப்பட்டுக்கொண்டு, பல்பு சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்! எனக்கு அடக்கமுடியாமல் கோபம் வந்தது. ரெண்டு ஆம்பளைங்களுக்கு ஒரு வாய் இல்ல.

"இத அவன்கிட்ட போய் சொல்லுங்க" என்றேன்.

"போடி" என்றார்.

செப்டம்பர் 8

இவரோடு பேசவில்லை.

செப்டம்பர் 13 – சனி

இவர் காலையில் பிரபு வீட்டு வாசலில் போய் நின்றாராம். மலர்கொடிதான் வந்து சொன்னாள், மூச்சு வாங்க. உள்ளே போகவில்லை, உட்காரவில்லை. வெளியில் நின்றே, "டேய், பேட்டரி தூக்க முடியல. இடுப்பு போச்சு. வந்து எறக்கிக் குடு" என்றாராம்.

இடுப்பு போச்சு! என்னிடம் ஒருநாள் சொன்னதில்லை.

பிரபு சட்டைகூடப் போடாமல் கரைக்குப் போனான். நானும் போனேன், தள்ளி நின்றேன். ஆசிட் பேட்டரியை இறக்கி மணலில் வைத்தான். இவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கே கிளம்பியிருக்கணும்டா. எனக்கும் தெரிஞ்சுது."

பிரபு நிமிர்ந்தான். "தெரிஞ்சுதா? தெரிஞ்சுமாண்ணே உக்காந்திருந்த?"

"நீ மட்டும்?"

காலால் மணலைத் தள்ளினான். பிறகு, "டிபன் பாக்ஸ எட்துனு வாங்க அண்ணி" என்று தூரத்திலிருந்த என்னைப் பார்த்துக் கத்தினான்.

செப்டம்பர் 15

மீட்டரை மாட்டிக் கொடுத்தேன். இருபது சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்றேன். தலையாட்டினார்கள். கம்பத்துக்கு மட்டும் தனியாக, டார்ச் செல்லில் எரியும் ஒரு சின்ன லைட், எது போனாலும் அது எரியும். அதையும் கட்டச் சொன்னேன். அதற்கு மட்டும் பிரபு "சரிங்க டீச்சர்" என்றான்.

மாயவனிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டானாம்.

செப்டம்பர் 19

மலர்கொடி இரண்டு கவளை மீன் கொடுத்துவிட்டுப் போனாள். முள் அதிகம். நல்ல ருசி.

அக்டோபர் 5 – ஞாயிறு

இன்று விடிவதற்கு வெகு முன்பே திரும்பிவிட்டார்கள். பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். பிரபு போலாம் என்றிருக்கிறான், இவர் சரி என்றிருக்கிறார், வந்துவிட்டார்கள். கூடையில் கொஞ்சம் காரப்பொடி மீன், கொஞ்சம் நண்டு. பின்னால் வந்த மாயவன் போட்டில் நல்ல விலை போகும் சங்கரா மீன் குவிந்து கிடந்தது.

நடுக் கரையில் சண்டை.

"இன்னும் கொஞ்சம் நேரம் இருந்திருந்தா அது நம்ம மீனுடா! காத்து காத்துன்னு உயிர எடுத்த!"

"நான் போலாம்னேன், நீ சரின்ன. வேணாம்னு சொல்றதுதான? வாய்ல கொழுக்கட்டையா?"

"உன் மூஞ்சிய பாத்து சரின்னேன்!"

"அடுத்த வாட்டி பாக்காத! என் மூஞ்சிய பாக்காம வாயத் தொறந்து சொல்லு!"

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். இவர் குரல் இவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியாது.

மலர்கொடி என் பக்கத்தில் வந்து நின்றாள். "கூப்புடட்டாக்கா? ஏலத்துக்கு நேரமாவுது."

"வேணாம் மலரு. முடியட்டும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மீன் கூடையைப் போட்டின் நிழலுக்கு இழுத்து வைத்துவிட்டு, உட்கார்ந்துகொண்டோம்.