கோட்டுப் போட்ட படம்

மீமிசல்
10.2.1957

கண்ணான கலீல் காக்காவுக்குத் தங்கை நசீராவின் ஸலாம். உம்மாவும் நானும் சுகம். பினாங்கில் உங்கள் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம்.

நீங்கள் அனுப்பிய போட்டோவைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியாகிவிட்டது. கோட்டும் பூட்ஸும், மேசையில் டெலிபோனும், யப்பா! வந்தவர்கள் எல்லாம், "ஒங்க மகன் மேனேசராயிட்டாரா?" என்று கேட்டார்கள். உம்மா மறுத்துப் பேசவில்லை. இப்போது ஊரில் நம் வீடு மேனேஜர் வீடு. மீன் கொண்டுவரும் காத்தாயிகூட, "மேனேசரு தங்கச்சிக்குப் பொடிமீனா? போட மாட்டேன்" என்கிறாள். அந்த டெலிபோனில் எங்களை ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா?

உங்களுக்குப் பெண் பேசி வைத்திருக்கிறது. வரும் நாளை எழுதுங்கள். அறந்தாங்கியிலிருந்து காரில்தான் ஊருக்குள் வரவேண்டும் என்று உம்மா பிடிவாதம். நீங்கள் கப்பலேறும்போது நான் சின்னப் பிள்ளை. உங்கள் குரல்கூட எனக்கு மறந்துவிட்டது.

அன்புத் தங்கை
நசீரா

நாகப்பட்டினம்
3.6.1957

அருமைத் தங்கை நசீராவுக்கு,

பினாங்குக் கப்பலுக்குக் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். திடுக்கிடாதே. நான் ஊருக்கு வந்தேன். நம் வீட்டு வாசலில் நின்றேன்.

எல்லோரும் கோட்டைப்பட்டினம் தர்காவில் கந்தூரி விழாவுக்குப் போயிருந்த அன்று, கைலியோடு ஒருவன் வந்து கதவைத் தட்டினானே, அது நான்தான். படத்திலுள்ள கோட்டு ஸ்டுடியோக்காரருடையது. அந்த டெலிபோனுக்குக் கம்பியே கிடையாது. நான் சோற்றுக்கடையில் அடுப்படி ஆள். புகையில் குரலும் கம்மிப் போய்விட்டது. உண்மையை எழுதத்தான் ஒவ்வொரு முறையும் பேனாவை எடுப்பேன். 'மேனேஜர் தங்கச்சி' என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கே நடை நிமிர்ந்துவிடும். பேனாவை வைத்துவிடுவேன்.

வேற்று ஆண் முன்னால் வராத நம் வழக்கப்படி, நீ கதவுக்குப் பின்னால் நின்று, "ஆம்பளைங்க யாருமில்லைங்க. நீங்க யாரு?" என்றாய். 'நான்தான் உன் காக்கா, நசீரா' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "பினாங்குலேருந்து வாரேன்" என்றுதான் வந்தது.

"எங்க காக்காகிட்ட வேலை பாக்குறீங்களா? ஒங்களை நல்லா வச்சிருக்காரா?" என்று எவ்வளவு சந்தோஷமாகக் கேட்டாய்! அதற்கு மேல் எப்படியம்மா சொல்வேன்? "ரொம்ப நல்ல மனுசர்மா" என்றேன். என்னைப் பற்றி நானே நற்சாட்சி சொல்லிவிட்டு, கதவிடுக்கில் நீ நீட்டிய செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பெண் வீட்டாரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடு. உம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். படத்தில் இருப்பவனாவது உங்களோடு இருக்கட்டும்.

கலீல் ரஹ்மான்

மீமிசல்
9.6.1957

காக்கா,

ஸலாம் எழுதக்கூட எனக்குப் பொறுமையில்லை. உங்கள் கடிதம் வருமுன்பே எனக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு கதவைத் திறந்தேன். படியில் செம்பு கவிழ்ந்திருந்தது. தண்ணீர் குடித்தால் செம்பைக் கவிழ்த்து வைத்து நீங்கள் வாங்கிய திட்டையெல்லாம் உம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் பஸ் நிற்கும் இடம்வரை ஓடினேன். பஸ் போய்விட்டது.

உம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அந்தக் கோட்டைத் தூக்கிக் கடல்ல போடு. எம்புள்ளைய வரச் சொல்லு" என்று அழுகிறார்கள். மேனேஜரை யார் கேட்டது காக்கா? எனக்கு நீங்கள் வேண்டும். அடுத்த கப்பலில் வாருங்கள்.

நசீரா

மீமிசல்
14.4.1958

காக்கா,

எழுதிய எதற்கும் பதில் இல்லை. கடைசிக் கடிதம், இந்த ஆள் இப்போது இங்கே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. வேறு விலாசம் தெரியாததால் அதே விலாசத்துக்கே எழுதுகிறேன்.

படத்தைக் கழற்றிவிட்டோம். என்னை இப்போது யாரும் மேனேஜர் தங்கச்சி என்பதில்லை. காத்தாயியும் பொடிமீன்தான் போடுகிறாள். அதற்கென்ன, ருசியாகத்தான் இருக்கிறது. வீடுதான் வெறிச்சென்று கிடக்கிறது.

யார் கதவைத் தட்டினாலும் நான் பின்னால் நிற்பதில்லை. திறந்து முகத்தைப் பார்த்துவிடுகிறேன். ஊர் பேசுகிறது. பேசட்டும். நேற்று ஒரு கைலிக்காரர் வந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். செம்பை நேராக வைத்துவிட்டுப் போனார்.

உங்கள் தங்கை
நசீரா