அப்பாவின் வியாழக்கிழமைகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. போனில் சொல்லலாம்தான். ஆனால் செய்தி பார்க்கிறேன் என்று என் போனை அப்பா அடிக்கடி வாங்கிக்கொள்கிறார். நம் வீட்டுச் சுவரைப் பற்றி உனக்கே தெரியும், குளியலறையில் முணுமுணுத்தால் கூடத்திலிருந்து பதில் வரும். அதனால்தான் தபால்காரருக்கு வேலை வைக்கிறேன்.

நான் நலம். பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. கணக்கு மட்டும் என்னைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது. அப்பாவும் நலம். பிரச்சினையே அதுதான். தேவைக்கு அதிகமாகவே நலமாக இருக்கிறார்.

அம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதம் அப்பா எப்படி இருந்தார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பஸ் ஓட்டிவிட்டு வருவார், காக்கிச் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்காருவார், டிவியைப் போடாமலே டிவியைப் பார்ப்பார். ஒருநாள் நான் உப்பே போடாமல் சமைத்துவிட்டேன், நன்றாக இருக்கிறது என்றார். ஒரு கல் உப்பு குறைந்தாலும் வீட்டை இரண்டாக்குகிற மனிதர். அன்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

இப்போது இரண்டு மாதமாக வியாழக்கிழமை மட்டும் வேறு ஆளாக இருக்கிறார். வியாழன் அவருக்கு ஓய்வு நாள், வழக்கமாக மத்தியானம் முழுக்கக் குறட்டைதான். இப்போதோ மூன்றரை மணிக்கே குளியல், இஸ்திரி போட்ட சட்டை, தலையில் வகிடு. நாலு மணிக்குப் போனால் ஐந்தரைக்கு வருகிறார். எங்கே போகிறீர்கள் என்றால் யூனியன் கூட்டம் என்கிறார். யூனியன் கூட்டத்துக்கு யாராவது சென்ட் போட்டுக்கொண்டு போவார்களா?

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அப்பாவின் பஸ்ஸிலேயே ஏறி, கண்டக்டர் மாமாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "கூட்டமா? உங்கப்பா லீவு நாள்ல டெப்போ பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டாரேம்மா" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, கேட்காமலே எனக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். அவருக்கும் ஏதோ தெரியும் என்று நினைக்கிறேன். சந்தேகப் பட்டியலில் அவரையும் சேர்த்திருக்கிறேன்.

இனிமேல் சொல்வதைக் கேட்டுப் பதறாதே. துணி துவைக்கப் போடும்போது அந்த வியாழக்கிழமைச் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. குண்டு குண்டாகப் பெண் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்: 'இன்று பயம் நன்றாகக் குறைந்திருக்கிறது. அடுத்த முறை கையை இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டாம். மெதுவாக, தைரியமாக.'

அண்ணா, எந்தக் கை? எதை இறுக்கிப் பிடித்தார்? எனக்குப் பதினேழு வயது, இதையெல்லாம் நான் படிக்க வேண்டிய தலையெழுத்தா?

எதிர்வீட்டு ரேடியோ அக்காவிடம் நான் வாயே திறக்கவில்லை. ஆனால் அவளுக்குத்தான் எல்லா அலைவரிசையும் எடுக்குமே. "ஆம்பளைங்களுக்கு ஒண்டியா இருக்கத் தெரியாதுடி. வருஷம் திரும்பறதுக்குள்ள பாரு" என்று அவளாகவே எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனாள். அம்மாவின் அலமாரியைப் பூட்டிச் சாவியை என் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் அதில் ஒரு கைக்குட்டை வைக்கக்கூட இடம் கிடையாது.

பெரும் சந்தேகத்துடன்,
உன் தங்கை


அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்க நேரமில்லை. பார்த்துவிட்டேன்.

இந்த வியாழக்கிழமை டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டு, சைக்கிளில் அப்பாவின் பின்னாலேயே போனேன். துப்பறிவது அப்படியொன்றும் சுலபமில்லை. அப்பா நடக்கிற வேகத்துக்குச் சைக்கிள் ஓட்டினால் சைக்கிள் சாய்ந்துவிடுகிறது. இரண்டு தடவை விழுந்தேன். ஒரு காய்கறிக்காரர் வந்து தூக்கிவிட்டு, யாரைம்மா தேடுகிறாய் என்று சத்தமாகக் கேட்டு மானத்தை வாங்கினார். நல்லவேளை அப்பா திரும்பவில்லை. அவர் ஏதோ நினைப்பில் போய்க்கொண்டிருந்தார்.

போஸ்ட் ஆபீஸ் பின்னால் இருக்கும் சந்துக்குள் போனார். நான் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில், எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பத்து நிமிடத்தில் சந்திலிருந்து ஒரு சின்ன சிவப்புக் கார் வந்தது. அதில் அப்பா. பக்கத்தில் ஒரு பெண். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும், கறுப்புக் கண்ணாடி. அவள் ஏதோ சொல்ல, அப்பா சிரித்தார். அண்ணா, பல் தெரியச் சிரித்தார். ஐந்து மாதமாக நான் என்னென்ன கோமாளித்தனம் பண்ணியும் வராத சிரிப்பு.

அதற்குள் கார் நான் இருந்த ஸ்டாப்பில் வந்து வேகம் குறைந்து நின்றே விட்டது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம் என்று தலையை முட்டிக்குள் புதைத்துக்கொண்டேன். நான் பிடிக்கப்போனவள், நானே மாட்டுவதா என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் யாரும் இறங்கவில்லை. தலையை நிமிர்த்தும்போது கார் திருப்பத்தில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தவரிடம், கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று கேட்டேன். சம்பள விஷயம் என்று கூசாமல் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

எனக்கு அழுகை வருகிறது, எழுத்து கோணலாகப் போவதற்கு அதுதான் காரணம். அம்மா அன்று காலையில் துணி காயப்போட்டாள், சாயங்காலம் அதை நான்தான் எடுத்து மடித்தேன். அதற்குள் அவளைத் தாண்டிச் சிரிக்க முடிகிறதா இவரால்? எனக்குக் கேட்கத் தைரியமில்லை. நீ பெரியவன், நீ கேள். யார் அந்தப் பெண் என்று நேராகக் கேட்டுவிடு. பூசி மெழுக விடாதே.

உன் தங்கை


அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் ஒன்று. போனில் நீ அப்பாவை அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அம்மா இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைத்தால் இந்த ஜென்மத்துக்கு உங்களோடு பேச்சில்லை என்றாயாமே. சொல்லிக்கொடுத்தவள் நான்தான், அதனால் பாதித் திட்டு எனக்கு. அப்பா, "நீ நெனைக்கிற மாதிரி இல்லப்பா" என்று ஆரம்பித்ததும் அதற்கு மேல் சொல்ல முடியாமல் போனை வைத்ததும் எனக்குக் கூடத்தில் கேட்டது. அந்த வியாழக்கிழமை அவர் எங்கும் போகவில்லை. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. நாடகம் என்றே நினைத்தேன். அந்தப் பெண்ணை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று மனப்பாடம் செய்துகொண்டு சந்துக்குள் நானே போனேன்.

அது ஒரு டிரைவிங் ஸ்கூல், அண்ணா.

ஒரே அறைதான். ஒரு மேஜை, நாலு நாற்காலி, சுவர் முழுக்க சாலைக் குறிகள், மரப்பலகையில் பொருத்திய கிளட்ச், பிரேக். வாசலில் அந்தச் சிவப்புக் கார், முன்னும் பின்னும் அன்று ஆத்திரத்தில் என் கண்ணில் படாத 'எல்' போர்டு. கறுப்புக் கண்ணாடிக்காரம்மாதான் டீச்சர். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து வந்து என் தாடையைப் பிடித்துப் பார்த்தார். "அப்படியே அம்மா ஜாடை! நீதானே அவங்க பொண்ணு? எப்படி இருக்காங்க? அண்ணன் ஊரு புடிச்சிருக்காமா?" என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். மீதியை அவரே சொன்னார்.

மாமாவின் காரை வாங்கிவந்து அப்பா அம்மாவுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் போட்ட கூச்சலில் அம்மா பாதியில் இறங்கி வீட்டுக்கு நடந்தாளே, அப்பா ஃபர்ஸ்ட் கியரில் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தாரே. அந்த ரோஷத்தை அம்மா விடவே இல்லை. வேலை பார்த்த மருந்துக்கடையில் வியாழக்கிழமை ஸ்டாக் எடுக்கிறோம் என்று லேட்டாக வந்தாளே, ஸ்டாக்கும் இல்லை ஒன்றும் இல்லை. மற்ற நாளில் அந்த ரோட்டில் அப்பா பஸ் வரும், வியாழன்தான் அவர் வீட்டில் தூங்குவார் என்று கணக்குப் போட்டுச் சேர்ந்திருக்கிறாள். அப்படியும் எதிரே எந்த பஸ் வந்தாலும் அப்பாவின் சிநேகிதர் யாராவது பார்த்துவிடுவார் என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் குனிந்துகொள்வாளாம். டீச்சருக்கு எட்டு வகுப்பில் எட்டு தடவை உயிர் போய் வந்ததாம்.

மொத்தம் இருபது வகுப்பு. அம்மா எட்டு முடித்திருக்கிறாள். ரொம்ப நாளாக ஆளைக் காணோமே என்று டீச்சர் போன் செய்ய, அம்மா போனை எடுத்தது அப்பா. என்ன சொல்வது என்று தெரியாமல், பையனிடம் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டிருக்கிறார். மீதிப் பன்னிரண்டு வகுப்புக்கு நான் வரலாமா என்றும் கேட்டிருக்கிறார். தான் அவளுடைய கூடப்பிறந்தவன், ஆபீஸில் வேலை, வண்டியே ஓட்டத் தெரியாது என்று சொன்னாராம். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர்!

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த மாதிரி கேஸை நான் பார்த்ததே இல்லம்மா. வீட்டையே பின்னாடி கட்டி இழுக்கற மாதிரி அவ்ளோ அகலமா திருப்பறார். எந்த பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாலும் நிறுத்திடறார். நான் 'ரைட்'டுன்னு சொன்னாத்தான் எடுக்கறார்!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் துண்டுச் சீட்டும் வகுப்பு முடிந்ததும் டீச்சர் எழுதிக் கொடுப்பதுதானாம், அப்பா இறுக்கிப் பிடித்தது ஸ்டியரிங்கை. அந்த எடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் கார் ஏன் நின்றது என்று இப்போது உனக்கும் புரிந்திருக்கும்.

வண்டி ஓட்டும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்பாராம், அவ இந்த இடத்துல என்ன பண்ணா, என்ன சொன்னா என்று. டீச்சரும் வாரத்துக்கு ஒன்று சொல்வாராம். ஒருநாள் அம்மா சொன்னாளாம்: "எங்க வீட்டுக்காரர் ஊரையே ஏத்திக்கிட்டுப் போறார். அவரை யாருமே உட்கார வெச்சு ஓட்டினதில்ல. நான் கத்துக்கிட்டு அவரைப் பின்னாடி சீட்டுல உட்காரவெச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகணும்." இதைக் கேட்டு அப்பா வண்டியை ஓரம்கட்டிவிட்டாராம். தலைசுற்றல் என்றாராம். இன்னும் இரண்டு வகுப்புதான் மீதி. எனக்கு எதுவும் தேறவில்லை, ஐந்து வகுப்பு கூட்டிப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறாராம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு டீச்சர் மறுபடியும், அம்மா எப்படி இருக்காங்க என்றார். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நல்லா இருக்காங்க. அந்த ஊர்க் குளிர்தான் ஒத்துக்கல, கொஞ்சம் ஜலதோஷம்" என்று வந்துவிட்டது. சொன்னதும் நிறுத்த முடியவில்லை. அண்ணன் அலமாரியையெல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டார்கள், அண்ணனைத் திட்டித் திட்டி நேரத்துக்குச் சாப்பிட வைக்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கால் மணி நேரம் அந்த அறையில் அம்மாவுக்கு ஜலதோஷம் மட்டும்தான், அண்ணா. அதைவிட்டு எழுந்து வரவே எனக்கு மனமில்லை. வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமைச் சட்டையை நான் இஸ்திரி போட்டு வைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு, சாப்பாட்டில் உப்பு கம்மி என்றார்.

ஆனால் நீ அதட்டியதை அவர் இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறார், கிளம்புவாரா என்று தெரியவில்லை. வியாழனுக்கு முன்னால் நீ கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதே. கூட்டத்துக்குப் போங்கப்பா என்று சொல், போதும்.

இன்னொன்று. திட்டாதே. டீச்சர் அம்மாவோடு பேச ஆசைப்பட்டார், நான் உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார். அம்மா தூங்குகிறாள் என்று சொல், கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல், உன் வாயில் எது வருகிறதோ அதைச் சொல். என்றைக்காவது அப்பாவே அவரிடம் உண்மையைச் சொல்வார். அதுவரை நாம் முந்திக்கொள்ள வேண்டாம். விமானம் கிடைக்காமல் நீ வர முடியாமல் போனதை நினைத்து உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, பொய் சொல்லும்போதுகூட அவளை உன்னிடம்தான் அனுப்பியிருக்கிறார்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை