உள்ளே வளரும் முடி

அக்டோபர் 3, வெள்ளி

விடியற்காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. லீவு போட்டுவிட்டு அம்பத்தூர் ஓ.டி.யில் தோல் டாக்டரிடம். டோக்கன் 19. பக்கத்து நாற்காலியில் ஒரு கைக்குழந்தை என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தது. துப்பட்டாவை மேலே இழுத்துவிட்டேன்.

டாக்டர் சின்னப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. விளக்கை என் முகத்துக்குத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். கம்பெனியில் நான் ரப்பர் சீல்களைப் பார்ப்பதும் இப்படித்தான். ஓரத்தில் பிசிறு இருந்தால் சிவப்புக் கூடையில் போடுவேன். இன்று மேசைக்கு அந்தப் பக்கம் நான்.

"தாடை முடிய எதால எடுக்கறீங்க?"

"ப்ளக்கர்."

"வரலைன்னா?"

"ஊக்கு."

"அதுக்கு மேல?"

"கஸ்தூரி மஞ்சளும் கடலை மாவும். நல்லா அழுத்தித் தேய்ப்பேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏங்க, இது முகமா, பித்தளைக் குடமா?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிஷ்யூ கொடுத்தார். மானம் போயிற்று.

சொன்னவை (மறந்துவிடுவேன் என்பதற்காக):
– பிடுங்கிய முடி திரும்ப வரும்போது வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்கிறது. கட்டி, அரிப்பு, கறுப்பு எல்லாம் அதனால்தான்.
– ஆறு வாரம் ப்ளக்கர், நூல், வாக்ஸ் கூடாது. ஊக்கு என்ற பேச்சே கூடாது.
– ஒட்ட வெட்டவும் கூடாது. கூர்முனை மறுபடி உள்ளே குத்தும். வளரட்டும்.
– காலை, மாலை வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து ஒற்ற வேண்டும். ஒற்றல் மட்டும்.
– மஞ்சள், மாவு, எலுமிச்சைக்கு முழுக்கு.
– டியூப், பட்டாணி அளவு, ஒரு வேளை.
– ரத்தப் பரிசோதனை, ஹார்மோனுக்கு.

கேட்காவிட்டால் தழும்பு நிரந்தரமாம்.

ஆறு வாரம். அம்மாவின் வருஷ திதி 29ஆம் தேதி. நாலு வாரம்கூட ஆகியிருக்காது. அம்மாவைக் குளிப்பாட்டிய அத்தனை பெண்களும் நெமிலிச்சேரிக்கு வருவார்கள். என் தாடையும் போகும்.

அக்டோபர் 5, ஞாயிறு

வெயில். மீன் வாங்கவில்லை, சாம்பார். ஒற்றல் இரண்டு வேளையும்.

அம்மாவுக்கும் இருந்தது. என் பதினேழாவது வயதில் என் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னுது உனுக்கும் வந்துட்சாடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கே ப்ளக்கர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். அதற்கு முன் நைனாவை வெற்றிலை வாங்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் எப்போதுமே அப்படித்தான். முதலில் வெற்றிலை, அப்புறம் கதவு, அப்புறம் கண்ணாடி. நைனாவுக்குத் தெரியவே கூடாது. அண்ணிக்கும் கூடாது.

போன வருஷம் ஆடியில் வாதம் வந்து அம்மாவின் வலது கை விழுந்தது. மருந்து, கஞ்சி, பெட்பான் எதைப் பற்றியும் அவள் பேசவில்லை. தாடையைப் பற்றித்தான் பேசினாள். வாரம் ஒரு முறை நான் போய் எடுத்துவிட வேண்டும். சத்தியமும் வாங்கிக்கொண்டாள். "நான் பூட்டேன்னா மொதல்ல கதவ சாத்திகினு இத பாரு. அப்பால ஆளுங்கள கூப்புடு."

சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பக்கத்து மேசை ஜெயந்தி, "இன்னாக்கா, ஜொரமா?" என்றாள். ஆமாம் என்றேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய். மாத்திரை கொடுத்தாள், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

காலை கணக்கு: வெளியே தெரியும் முடி ஐந்து. கட்டி நான்கு. கண்ணாடியைப் பார்த்து எண்ணக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே எண்ணினேன்.

பதினொரு மணி டீக்கு முன்னால் அது நடந்தது. லென்ஸுக்குக் கீழே குனிந்திருக்கிறேன். யாரோ கட்டைவிரலால் என் தாடையின் அடியிலிருந்து மேலாகத் தடவினார்கள். அம்மா சோதிப்பது அப்படித்தான், இடது கைக் கட்டைவிரல், கீழிருந்து மேல். திரும்பிப் பார்த்தேன். ஜெயந்தி தன் வேலையில் இருந்தாள். மாஸ்க்கின் ஓரம்தான் உரசியிருக்கும். மாஸ்க்கைக் கழற்றி மறுபடி போட்டேன். அதற்கப்புறம் இருபது சீல் நல்லதையெல்லாம் சிவப்புக் கூடையில் போட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் திட்டினார்.

அக்டோபர் 11, சனி

மஞ்சள் டப்பாவை எட்டாத அலமாரிக்கு ஏற்றியாயிற்று. ரசத்துக்கு இவர்தான் எடுத்துக் கொடுக்கிறார். ஆனாலும் என் உள்ளங்கையில் மஞ்சள் வாசனை. சோப்புப் போட்டேன். பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டேன். போகவில்லை. இவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லியே" என்றார்.

எழுதிவிட்டால் போகுமோ என்னவோ.

அம்மா போன அன்று, வியாழக்கிழமை காலை, அண்ணன் போன் செய்தான். கள்ளிக்குப்பத்திலிருந்து ஆட்டோ, அம்பத்தூரில் ரயில், நெமிலிச்சேரியில் இறங்கி ஓட்டம். பையில் ப்ளக்கர். நான் போவதற்குள் வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பெண்கள். சுமங்கலியாகப் போனவள் என்பதால் முகத்துக்கு மஞ்சள். பூந்தமல்லி சித்தி, அம்மாவின் கூடப் பிறந்த தங்கை, குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். நெற்றி, கன்னம். தாடைக்கு வந்ததும் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மஞ்ச இன்னும் கொஞ்சம் கொண்டாடி" என்றாள், அவ்வளவுதான். அப்பி அப்பிப் பூசினாள். பூசப் பூச ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. பதினெட்டு நாள் வளர்ச்சி.

பின்னால் யாரோ சொன்னார்கள்: "ஐயோ பாவம், ஆம்பளயாட்டம் கீதே."

குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் ஒருத்தியை மட்டும் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

அக்டோபர் 15, புதன்

மழை பிடித்துக்கொண்டது. தெருமுனையில் முழங்கால் தண்ணீர்.

டாக்டர் பெண் கெட்டிக்காரி. கட்டி நான்கில் மூன்று வற்றிவிட்டன. அரிப்பு இல்லை. தோல் தொட்டால் மெத்தென்று இருக்கிறது, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். ஆனால் முடி பதினொன்று. இரண்டு வெள்ளை.

குளியலறைக் கண்ணாடியில் மேல் பாதி நான், கீழ் பாதி அம்மா. பல் தேய்க்கும்போது அம்மாவின் வாயில் நுரை. விளக்கை அணைத்துவிட்டுத் தேய்க்கிறேன்.

இவரிடம் சொன்னேன். "நான் உன்னத்தான் கட்டிக்கினேன், உன் தாடையவா கட்டிக்கினேன்? வுட்டுட்டு வேலய பாரு" என்றார். நல்ல மனுஷன். ஆனால் பயம் போகவில்லை. முடிக்குப் பயமில்லை. அந்தப் பாதி முகம் என்னைப் பார்க்கும் விதம்தான் பயமாக இருக்கிறது. ஏன் வரவில்லை என்று கேட்கிற முகம் அது.

வாங்க வேண்டியவை: ஊதுவத்தி, கண்ணாடி மேல் ஒட்ட ஒரு காலண்டர்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இல்லை, வருஷம் திரும்பவில்லை. பக்கத்து ஃபிளாட்டில் அதிரசம் கொடுத்தார்கள். அவர்கள் ஐ.டி.யில் வேலை பார்க்கும் மதுரைப் பக்கத்து ஜோடி. அந்தப் பெண் என் தாடையைப் பார்த்தாள், உடனே அதிரசத்தைப் பார்த்தாள்.

அண்ணி போன். நைனாவுக்கு மறதி ரொம்ப முற்றிவிட்டது. கண்ணில் புரை வேறு. அம்மா எங்கே என்கிறாராம், ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வருவாள் என்கிறாராம். "சொன்னா அப்பதான் செத்தாமாதிரி அழுவுறாரு. அதனால நான் ஒண்ணும் சொல்றதே இல்ல செல்வி" என்றாள் அண்ணி.

சித்தியும் பேசினாள். பூந்தமல்லியில் மெட்ரோவுக்கு ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் ஏறுவதற்குள் உயிர் போகிறது என்று பத்து நிமிஷம். அப்புறம், "காலீல ஆறு மணிக்கே வந்துரு. படையலுக்கு நீதான் மொத ஆளா நிக்கணும்." சரி என்றேன். முதல் ஆளாக. எல்லாருக்கும் முன்னால்.

அக்டோபர் 24, வெள்ளி

இன்று பொய் வேண்டாம். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

அந்தக் கடைசி ஞாயிறு அம்மாவைப் பார்க்கப் போகாததற்கு எல்லாரிடமும் ஓவர்டைம் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணனிடம், அண்ணியிடம், சித்தியிடம்கூட. ஓவர்டைம் இல்லை.

அம்மா போவதற்கு முந்தைய வாரம் வெள்ளிக்கிழமை, ஆடிட் முடிந்து எனக்கு லீவு. அதற்கு முந்தைய ஞாயிறும் போக முடிந்திருக்கவில்லை. போனேன், நைனாவை வெற்றிலைக்கு அனுப்பினேன், கதவைச் சாத்தினேன். ப்ளக்கரை எடுத்ததும் அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா முடி எடுப்பாங்களா? ஊட்டுக்கு ஆவாது. ஞாயித்துக்கெழம வாடி."

ஆட்டோவும் ரயிலும் ஏறி, ஒரு நாள் லீவைத் தின்று வந்திருக்கிறேன். கோபம் தலைக்கேறிவிட்டது. "உன் தாடைக்கு நாள் நட்சத்திரம் வேறயா? யார் பாக்கப்போறாங்க உன்ன?" என்று கத்தினேன். கையில் பிடித்திருந்த கண்ணாடியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருந்தேன். அவரைக்காய் நறுக்கினேன். டி.வி.யில் ஏதோ சீரியலின் பழைய பாகம் ஓடியது. போகலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். ஒரு வாரம் ஏங்கட்டும் என்று உட்கார்ந்தேன். திங்கள், செவ்வாய், புதன் வேலை. வியாழன் போன்.

யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். தெருவே பார்த்தது.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. நாளை திதி. கொண்டுபோக வேண்டியவை: பூ, வாழையிலை, நைனாவுக்கு வேட்டி, அம்மாவுக்குப் படைக்கப் புடவை.

முடி பதினாறு. அரை மைல் தூரத்திலிருந்து தெரியும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது, நாளை அந்தக் கூட்டத்தில் யாராவது ஒரு வாய் திறக்கத்தான் போகிறது. வேலையிலிருந்து வந்ததும் காலண்டரைக் கழற்றினேன், ப்ளக்கரை எடுத்தேன். ஐந்து நிமிஷ வேலை. டாக்டராவது, தழும்பாவது. முதல் முடியைப் பிடித்துவிட்டேன். இழுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை.

அம்மாவுக்கு வெள்ளியைப் போலவே செவ்வாயும் ஆகாது. கை அந்தரத்தில் நின்றது. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை, போன வாரம் செவ்வாயன்றுதான் நகம் வெட்டினேன். ஆனால் கை வரவில்லை. யாரோ மணிக்கட்டைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது, அவ்வளவு அழுத்தமாக. பயந்துபோய் ப்ளக்கரைக் கீழே போட்டேன். அது கழிவுநீர் ஓட்டைக்குள் போய்விட்டது.

சரி. ஒரு நாளாவது அவள் பேச்சைக் கேட்டேன் என்று இருக்கட்டும். மாஸ்க் இல்லாமல் போகிறேன்.

அக்டோபர் 29, புதன்

ஐந்து மணி ரயில். நெமிலிச்சேரியில் பனி. ஆறுக்கு முன்னால் போய்விட்டேன்.

பார்த்தார்கள். எல்லாரும்தான். ஒருத்தி இன்னொருத்தியை முழங்கையால் இடித்ததும் தெரிந்தது. சித்தி வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்கக்காவே வந்து நிக்கறாமாதிரி கீதுடி" என்று ஓவென்று அழுதாள். அதோடு மற்றவர்களும் அழ ஆரம்பித்து, என் தாடையை மறந்துவிட்டார்கள். படையல் நன்றாக நடந்தது. காக்கை வந்தது. வடை கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு அப்புறம் நைனாவுக்கு மாத்திரை கொடுக்க உள் அறைக்குப் போனேன். அம்மா படுத்திருந்த அறை. நைனா அதே கட்டிலில். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் கையை நீட்டி என் முகத்தைத் தடவினார். நெற்றி, கன்னம், தாடை. விரல் முடியில் தட்டி நின்றது.

"இன்னாம்மே" என்றார். அம்மாவை மட்டும்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார். "செல்வி இன்னிக்கும் வர்லியா?"

இருபத்தைந்து வருஷம் வெற்றிலைக்கு அனுப்பியிருக்கிறோம் இவரை.

"கொண்டா அத, நான் எடுத்து வுடறேன். எத்தினி நாளு தாடையவே தடவிகினு வாசல பாத்துகினு இருப்ப?"

நான்தான் செல்வி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வந்துடுவா" என்றேன்.

"நேத்தும் இதான் சொன்ன" என்றார் நைனா.